மது விற்கும் நேரமும் லிட்டில் இந்தியாவின் ஞாயிறு மாலையும்

  

மது நமக்கு விலக்கப்பட்டது; அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் மதுவை அனுமதித்துள்ள ஒரு நகரம், அதனை எந்நேரத்தில், எவ்விடத்தில் கட்டுப்படுத்துகிறது என்பது நம் கவனத்திற்குரியது. ஏனெனில், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடுவோருள் தமிழகத்துப் பிள்ளைகள் ஏராளம்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, அங்கே ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் வாகனங்கள் எரிந்தன. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 50க்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டனர். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, கலவரம் பெருகியதற்கு மதுபோதையும் முக்கியக் காரணமென 2014இல் அறிக்கை அளித்தது.

2015 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை, நாடு முழுவதும் பொது இடத்தில் குடிப்பதும், கடையில் மதுவை வாங்கிச் செல்வதும் தடுக்கப்பட்டன. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலுமோ, சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் குடித்தலே கூடாது. டாஸ்மாக் வாசலைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

இக்கட்டுப்பாடு வேண்டியதே என்பது என் கருத்து. எனினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. உரிமம் பெற்ற மதுக்கூடத்தினுள் அமர்ந்து குடிப்பவனை இத்தடை தீண்டுவதில்லை; அவனுக்குப் பணமும் உண்டு, கூரையும் உண்டு. விடுதியில் பலரோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்ந்து, வாரத்தில் ஒருநாள் புல்வெளியில் அமரும் தொழிலாளியின் கைப்புட்டியே சட்டத்தின் கண்ணில் படுகிறது. அவன் அங்கே வருவது குடிப்பதற்கு மட்டுமன்று. ஊருக்குப் பணம் அனுப்பவும், மளிகை வாங்கவும், ஊர்க்காரர் முகத்தைக் காணவும் அவனுக்கு அத்தெருக்களே உள்ளன.

ஆகவே, பிள்ளைகளை அந்நாட்டிற்கு அனுப்பும் பெற்றோர், இந்த நேர விதிகளைப் புறப்படுமுன்னரே அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். விதியை மீறிக் குடித்தால் 1,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நம் பிள்ளை குடிக்காதவனாகவே இருக்கலாம். குடிப்போர் வட்டத்தில் அமர்ந்திருந்தால், அவனும் காவலரின் கேள்விக்குப் பதில் சொல்ல நேரும். அதற்கும் மேலாய் ஏதேனும் நேர்ந்து வேலை அனுமதி பறிபோய் அவன் திரும்பினாலோ, முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் இங்கே அப்படியே நிற்கும்.