ஆமணக்கெண்ணெய்ப் பால்மமாக்கி: கிடங்கில் கவனிக்க வேண்டியவை

எண்ணெயும் நீரும் தாமாக இணைவதில்லை. அவற்றை இணைத்துப் பால் போன்ற கலவையாக நிறுத்திவைக்கும் பொருளே பால்மமாக்கி. நூற்பாலை, சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழில், பூச்சிமருந்துத் தயாரிப்பு ஆகிய எதுவும் இப்பொருளின்றி நடைபெறுவதில்லை. உலகில் விளையும் ஆமணக்கு விதையில் மிகப் பெரும் பங்கு இந்தியாவுடையது. அதிலும் குஜராத் மாநிலமே முதலிடம் வகிக்கிறது. ஆதலால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் பால்மமாக்கிகள் இந்நாட்டுக்கு நெருங்கிய பொருள்கள். கந்தக அமிலம் சேர்த்துச் செய்யப்படும் துருக்கிச் சிவப்பு எண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சாயத் தொழிலில் இடம்பெற்றது. இன்று பெருவழக்கில் உள்ளது எத்திலீன் ஆக்சைடு சேர்க்கப்பட்ட வகை.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. எத்திலீன் ஆக்சைடு ஏறத்தாழ 11 பாகை செல்சியசில் கொதித்து வாயுவாகிவிடும், எளிதில் வெடிக்கும், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்திய பொருள். ஆனால் ஆமணக்கெண்ணெயோடு வினைபுரிந்து முடிந்தபின் கிடைப்பதோ வெளிர்மஞ்சள் நிறமும் மென்மையான மணமும் கொண்ட கெட்டியான திரவம். வாய்வழி நச்சுத்தன்மை மிகக் குறைவு. எனவே வினைக்கலத்தின் அருகில் காட்டப்படும் அச்சமும் ஒழுங்கும் கிடங்கு வாயிலோடு நின்றுவிடுகின்றன. 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயனங்கள் விதிகளில், வாய்வழி நச்சுக்கான அளவுகோல் உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமோடு முடிகிறது. அந்த எல்லைக்கு வெகு தொலைவில் நிற்கும் பொருளை ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. விபத்துகள் பெரும்பாலும் இந்த அலட்சியத்தில்தான் பிறக்கின்றன.

நச்சு குறைவு என்றால் எவ்வழியில் குறைவு என்று கேட்க வேண்டும். இதே இனத்தைச் சேர்ந்த தூய வகை ஒன்று, புற்றுநோய்க்கான பாக்லிடாக்செல் ஊசிமருந்தைக் கரைக்கப் பயன்படுகிறது. நரம்பில் ஏற்றும்போது அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவதால், முன்னதாகவே தடுப்பு மருந்துகள் தரப்படுகின்றன. வாயில் தீங்கற்றது குருதியில் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை. ஆலையில் இதைவிட அன்றாடமான நிலை ஒன்று உண்டு. பால்மமாக்கி தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடுகிறது. நாள்தோறும் வெறுங்கையால் அள்ளும் தொழிலாளியின் கை வெடிக்கிறது. வெடித்த கை பூச்சிமருந்தைத் தொட்டால், நஞ்சு உட்புக வழி திறந்திருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் பால்மமாக்கிக்காக மட்டுமன்று, அதன் கூட்டாளிகளுக்காகவும் வேண்டும்.

இனிக் கிடங்கு. 200 லிட்டர் இரும்புப் பீப்பாய்கள் வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். மழைநீர் மேல்மூடியில் தேங்குகிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவுக் குளிரில் சுருங்கும்போது, இறுகாத அடைப்பின் வழியே தேங்கிய நீரையே உள்ளிழுத்துக்கொள்கிறது. பீப்பாய் மூச்சுவிடுகிறது என்று தொழிலாளர் சொல்வது அறிவியல்முறைப்படியும் சரியே. நீர் புகுந்த சரக்கில் நுண்ணுயிர் வளரும், பீப்பாய் துருப்பிடிக்கும். கூரையின்கீழ் மரச்சட்டங்களின் மேல் வைப்பதே முறை. கூரைக்கு வழியில்லையெனில், அடைப்புகள் இரண்டும் கிடைமட்டக் கோட்டில் அமையுமாறு படுக்கவைத்தால், உள்ளிருக்கும் திரவமே அவற்றை மூடிக் காக்கும்.

காற்றும் பகைதான். எத்திலீன் ஆக்சைடுத் தொடர்கள் உயிர்வாயுவோடு மெல்லச் சேர்ந்து பெராக்சைடுகளாகி, பின்னர் ஆல்டிஹைடுகளாகவும் அமிலங்களாகவும் சிதைகின்றன. நிறம் கருக்கும், புளிப்பு மணம் எழும். பாதி எடுத்து மூடிய பீப்பாயில் காற்று மிகுதி. ஆதலால் திறந்ததை முடித்த பின்னரே அடுத்ததைத் திறக்க வேண்டும். பெருந்தொட்டிகளில் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்புவது உண்டு. இது நல்ல ஏற்பாடு. ஆனால் அத்தொட்டியில் மூச்சுக்கு வேண்டிய காற்று இராது. நச்சற்ற சரக்குத்தானே என்று துப்புரவுக்காக உள்ளிறங்குபவரைக் கொல்வது சரக்கன்று, உயிர்வாயுவின் இன்மை. காற்றைச் சோதித்து, எழுத்து மூலமான அனுமதி பெற்று, வெளியே ஆள் நிறுத்திய பின்னரே எவரும் இறங்கலாம்.

வட மாநிலங்களின் மார்கழிக் குளிரில் இச்சரக்கு கலங்கி உறைவது இயல்பு. பீப்பாய்க்கு அடியில் நெருப்பு மூட்டி இளக்குவது மிகத் தவறான பழக்கம். அடிப்பகுதி கருகும்; மூடிய பீப்பாய் வெடிக்கவும் கூடும். வெந்நீர்த் தொட்டியிலோ வெப்ப அறையிலோ மெல்லச் சூடாக்கி, நன்கு கலக்கிய பின்னரே எடுக்க வேண்டும். இல்லையெனில் மேல்பாதி ஒரு தரம், கீழ்ப்பாதி வேறு தரம். நீராவிக் குழாயின் உறையில் ஊறிய எண்ணெய்ப் பொருள் தானே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. ஊறிய உறையை உடனே மாற்றிவிட வேண்டும்.

தரையில் சிந்தினால் முதலில் நீர்க்குழாயைத் திறப்பதே வழக்கம். அது செய்யத்தகாதது. சிறிதளவு நீர் பட்டால் இவ்வகைப் பொருள்களில் பல கூழாக இறுகித் தரையை வழுக்குப்பாறையாக்கும். மிகுந்த நீர் பட்டாலோ நுரைத்துக்கொண்டு சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் செல்லும். மனிதருக்குக் குறைந்த நச்சாக இருப்பது மீனின் செவுளுக்கு அப்படியன்று. மணலோ மரத்தூளோ இட்டு உறிஞ்சி, அள்ளி அப்புறப்படுத்திய பின்னர்தான் கழுவ வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையாகக் காக்கப்பட வேண்டியது பெயர்ச்சீட்டு. 1986இல் பம்பாயின் அரசு மருத்துவமனை ஒன்றில் நோயாளிகள் 14 பேர் இறந்தனர். அவர்களுக்குத் தரப்பட்ட கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. கிளிசரினும் நச்சற்ற பொருளே. மருந்துத் தரமும் தொழில் தரமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்தால் வருவது என்ன என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று. பால்மமாக்கியும் மருந்து, உணவு, அழகுப்பொருள், தொழில் எனப் பல தரங்களில் விற்கப்படுகிறது. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தொகுதி எண், தரம், தயாரித்த நாள் ஆகியவை அழிந்த பீப்பாயைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. சிறு கலங்களுக்கு மாற்றும்போது அவற்றிலும் அதே விவரத்தை எழுத வேண்டும். காலிப் பீப்பாய் குடிநீருக்குப் போகாதபடி துளையிட்டு, உரிய பதிவோடு பழைய இரும்பு வாங்குவோரிடம் சேர்ப்பது கிடங்கு அலுவலரின் பொறுப்பு.