ஒரு வீட்டின் மூன்றில் ஒரு பங்கு



லண்டனில் வீடு தேடுகிறவர்களின் கண்ணில் அடிக்கடி படும் விளம்பரம் ஒன்று உண்டு. விக்டோரியா காலத்து வீடு. அதன் முதல் மாடியில் விசாலமான பிளாட். உயர்ந்த சீலிங், தெருப்பக்கம் துருத்தி நிற்கும் பெரிய பே விண்டோ, பழைய கணப்பு இடம் மாறாமல் அப்படியே. கடைத்தெருவும் பாதாள ரயிலும் நடக்கும் தூரத்தில். படத்தைப் பார்த்ததும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சாய்வதில் தவறே இல்லை. எனக்கும் இந்த வீடுகள் மேல் தீராத பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடுதான் இன்று பேசுகிறேன். படத்தில் தெரிவதைவிடத் தெரியாததைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

ஊர் ஒன்றை வைத்துக்கொண்டு பேசினால் எளிது. டூட்டிங்கை எடுத்துக்கொள்வோம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே, நார்தர்ன் லைன் ரயில் போகும் வழியில் இருக்கிறது. லண்டன் தமிழர்களுக்கு இதை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்க வருகிறவர்கள், முத்துமாரி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள், தோசை சாப்பிட வருகிறவர்கள் என்று சனி, ஞாயிறுகளில் பெரிய தெருவில் தோளோடு தோள் இடிக்கும். அந்தத் தெருவை விட்டு இரண்டு முடுக்கு உள்ளே திரும்பினால் ஓசை அடங்கி, செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும்.

அந்த வீடுகள் எப்படி வந்தன? 1801-ல் லண்டனின் மக்கள் தொகை சுமார் பத்து லட்சம். நூறு ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஆறு மடங்கானது. ரயில் பாதை போட்ட இடமெல்லாம் வயலும் தோட்டமும் மனைகளாயின. கட்டுமானக்காரர்கள் நிலத்தை வாங்கி, வாங்குபவர் யாரென்று தெரியாமலேயே தெருத் தெருவாகக் கட்டி விற்றார்கள். டூட்டிங் பெக் பக்கத்தில் அப்படிக் கட்டியவர்களில் ஆல்ஃபிரட் ஹீவர் ஒருவர். 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவர் எழுப்பிய சிவப்புச் செங்கல் வீடுகள் இன்றும் ஹீவர் எஸ்டேட் என்ற பெயரில் நிற்கின்றன. இன்று அது பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே பெரிய வீடுகள் பல இப்போது பிளாட்களாகப் பிரிந்து கிடக்கின்றன.

அந்தக் காலத்து வீட்டுக்கு ஏன் அத்தனை பெரிய ஜன்னல் என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் வரிச் சட்டம் இருக்கிறது. கண்ணாடி மேல் இருந்த வரி 1845-லும், செங்கல் வரி 1850-லும், ஜன்னல் வரி 1851-லும் நீக்கப்பட்டன. அதுவரை ஜன்னலை எண்ணி எண்ணி வரி கட்டியவர்கள், பிறகு தெருவைப் பார்த்தபடி வெளிச்சத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வேல்ஸ் நாட்டுப் பலகைக்கல் ரயிலில் வந்து கூரையானது.

இந்த வீடு ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலை செய்த பெண்களும் சேர்த்தி. தரைத்தளத்தில் வருகிறவர்களை உட்காரவைக்கும் அறை, பின்னால் சமையல், முதல் மாடியில் வீட்டுக்காரரின் படுக்கையறை, கூரைக்கடியில் குளிரும் சிறு அறையில் வேலைக்காரப் பெண். ஒவ்வோர் அறைக்கும் கரி தூக்கிப் போய்ப் போட்டவள் அவள். விளம்பரத்தில் ‘விசாலமான கூடம்’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரின் படுக்கையறைதான். ஆர்வம் உள்ளவர்கள் 1911-ம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தாங்கள் பார்க்கும் முகவரியைத் தேடிப் பாருங்கள். அந்த ஆண்டுப் படிவத்தில் வீட்டில் எத்தனை அறைகள் என்பதையும் எழுதச் சொன்னார்கள். யார் இருந்தார்கள், என்ன தொழில், வேலைக்காரப் பெண் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பது வரை கிடைக்கும். அடுத்து 1921-ம் ஆண்டுப் படிவத்தையும் பாருங்கள். சில முகவரிகளில் ஒரே கூரையின் கீழ் இரண்டு, மூன்று குடும்பங்கள் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். வீடு பிளக்கத் தொடங்கியது அங்கேதான் தெரியும்.

முதல் உலகப் போருக்குப் பின் வேலைக்காரர்கள் கிடைப்பது அரிதானது. பெரிய வீட்டைக் கட்டிக் காக்க முடியாதவர்கள் அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். இரண்டாம் போரில் விழுந்த குண்டுகளுக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம் இன்னும் கடுமையானது. 1948 ஜூன் 22-ம் தேதி ‘விண்ட்ரஷ்’ கப்பலில் வந்திறங்கிய கரீபியத் தீவு மக்களில் பலர் டூட்டிங்குக்கு அதிகத் தொலைவில் இல்லாத பிரிக்ஸ்டனில் குடியேறினார்கள். கறுப்பர்களுக்கு அறை இல்லை என்று அன்று வெளிப்படையாகவே சொல்லலாம். வாடகையில் நிறவெறியைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. வங்கியும் கைகொடுக்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் சீட்டு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே முறையில் ‘பார்ட்னர்’ என்ற பெயரில் வாராவாரம் பணம் போட்டு, முறைவைத்து எடுத்து, யாரும் சீந்தாமல் கிடந்த விக்டோரியா வீடுகளை வாங்கினார்கள். மாடியில் தாங்கள் இருந்து, கீழே தங்கள் ஊர்க்காரர்களுக்கு அறை கொடுத்தார்கள். இன்று லட்சக்கணக்கான பவுண்டு விலை போகும் தெருக்களை இடிபாட்டிலிருந்து காத்தவர்களில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை விளம்பரம் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம்மவர்களிலும் பலர் லண்டனில் கண்ட முதல் கூரை இப்படிப்பட்ட வீட்டின் ஓர் அறைதான். ஓர் அறையில் நாலைந்து பேர், ஒரு குசினி, குளியலறைக்கு வரிசை.

1969-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் பழைய வீடுகளைப் புதுப்பிக்க அரசு மானியத்தை உயர்த்தியது. இடித்துத் தள்ளுவதைவிடச் செப்பனிடுவது மேல் என்ற எண்ணம் வலுத்தது. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் அறை வாடகை வீடுகள் பல, தனிக் கதவும் தனிச் சமையலறையும் உள்ள பிளாட்களாக மாற்றி விற்கப்பட்டன. உங்கள் கையில் இருக்கும் விளம்பரமும் அந்த வழியில் வந்ததாக இருக்கலாம்.

இனி வீட்டுக்குள் போவோம். நுழைந்ததும் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள். சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் சுண்ணாம்புக் கொடிவேலை ஓடும். அது மூன்று சுவரில் ஓடி நான்காவது சுவரில் சட்டென்று அறுந்திருந்தால், அந்த நான்காவது சுவர் பிற்பாடு வைத்த தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கும். இதனால் கெடுதல் இல்லை. ஆனால் வீடு எங்கே வெட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து கணப்பு. கரிப்புகைக்கு எதிரான தூய காற்றுச் சட்டம் 1956-ல் வந்தது. அதற்குப் பிறகு படிப்படியாகக் கணப்புகள் அணைந்தன. இடம் கிடைக்குமே என்று கீழ் பிளாட்காரர் யாராவது தன் அறையில் இருந்த புகைபோக்கிச் சுவரை உடைத்து எடுத்திருக்கலாம். மேலே இருக்கும் செங்கல் பாரத்தை அப்போது எது தாங்குகிறது? முறையாக இரும்பு உத்தரம் கொடுத்து, கவுன்சிலின் கட்டடப் பிரிவு பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். சர்வேயரிடம் சொல்லுங்கள். அதுவும் வங்கி அனுப்பும் மேலோட்டமான மதிப்பீடு போதாது. இந்த வயது வீட்டுக்கு மூன்றாம் நிலை என்று சொல்லும் முழு ஆய்வைச் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கட்டணத்தில் கை சுருக்காதீர்கள்.

சுவர் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல். இன்றைய சுவர்களைப் போல நடுவில் இடைவெளி கிடையாது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியதால் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டுவிடும். நல்லது செய்வதாக நினைத்து யாரோ வெளியே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே திரும்பும். ‘ஈரமடிக்கிறது, மருந்து ஊசி போடவேண்டும்’ என்று ஒருவர் பெரிய தொகை சொல்வதற்கு முன், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா, பலகைத் தளத்துக்குக் கீழே காற்றுப் போகும் செங்கல் துளைகளை யாரும் அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். சாஷ் ஜன்னலும் அப்படித்தான். கயிறும் எடைக்கட்டியும் வைத்து மேலும் கீழும் ஓடும் அந்த மரச்சட்டம் நூறு ஆண்டு உழைத்திருக்கிறது. தச்சர் ஒருவர் இழைத்துக் கயிறு மாற்றினால் இன்னும் உழைக்கும். பிடுங்கி எறிந்து பிளாஸ்டிக் ஜன்னல் போட மனம் வந்தால் நினைவில் வையுங்கள்: தனி வீட்டுக்காரருக்கு உள்ள சலுகை பிளாட்காரருக்கு இல்லை, தோற்றம் மாறினால் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மர உத்தரமும் பலகையும், கீழே சுண்ணாம்பு பூசிய மெல்லிய மரச்சட்டங்களும் மட்டுமே இருந்தன. பிள்ளை மாடியில் ஓடினால் அம்மாவுக்குக் கேட்பது நல்லதாகவே இருந்திருக்கும். இன்று மாடியில் ஓடுவது வேறு வீட்டுப் பிள்ளை. வீடு எப்போது பிரிக்கப்பட்டது, 1991-ம் ஆண்டுக் கட்டட விதிகளுக்கு ஏற்ப ஒலித்தடுப்பும் தீத்தடுப்பும் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். வீட்டை ஒரு தடவை பகலில் பார்த்தவர்கள், இன்னொரு தடவை மாலை ஏழு மணிக்கு, மாடிக்காரர் வேலை முடிந்து வந்த பிறகு போய்ப் பாருங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் பிளாட்டை ‘வாங்கினேன்’ என்றால், பெரும்பாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு லீஸ் வாங்கினேன் என்றே பொருள். மனையும் சுவரும் கூரையும் ஃப்ரீஹோல்ட் வைத்திருப்பவருடையவை. 1970-களில் 99 ஆண்டு லீஸ் எழுதியிருந்தால் அதில் ஏறக்குறைய பாதி கரைந்துவிட்டது. மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிக்கும் செலவு மளமளவென்று ஏறும். ரொம்பக் குறைந்தால் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். 1993-ம் ஆண்டுச் சட்டம் லீஸை 90 ஆண்டு நீட்டிக்க உரிமை தருகிறது. அதற்காக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்த நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை. 2024-ம் ஆண்டின் புதிய சட்டம் 990 ஆண்டு நீட்டிப்பும் குறைந்த செலவும் என்று சொல்கிறது. ஆனால் அதன் பிரிவுகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வருபவை அல்ல. நீங்கள் வாங்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று சொலிசிட்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லீஸ் பத்திரத்தைச் சொலிசிட்டர் படிப்பார் என்று விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள். தலைக்கு மேலுள்ள பரண் யாருடையது? பின்தோட்டம் யாருக்கு? ஜன்னல் சட்டத்தைச் செப்பனிடுவது உங்கள் பொறுப்பா, எல்லோருடைய பொறுப்பா? கூரை ஒழுகினால் யார் எத்தனை பங்கு கொடுக்க வேண்டும்? மூன்று பிளாட் உள்ள வீட்டில் கூரைக்கு 30,000 பவுண்டு ஆனால், சமபங்கு என்று எழுதியிருந்தால் தரைத்தளத்துக்காரரும் 10,000 கொடுக்க வேண்டும், அவர் தலையில் ஒரு துளி விழாவிட்டாலும். ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலை என்றால் நில உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்பது சட்டம். கடந்த மூன்று ஆண்டு சர்வீஸ் சார்ஜ் கணக்கைக் கேளுங்கள். தொகை ரொம்பக் குறைவாக இருந்தால் மகிழ வேண்டாம். மூன்று ஆண்டும் யாரும் கூரையேறிப் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

ஃப்ரீஹோல்டில் பங்கு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது நல்ல செய்தி. மூன்று வீட்டாரும் சேர்ந்து மனைக்குச் சொந்தக்காரர்கள். லீஸை நீட்டிக்க யாருக்கும் பெருந்தொகை தர வேண்டியதில்லை. ஆனால் பாகம் பிரிக்காத பூர்வீக வீடு நம் ஊரில் எப்படியோ அப்படித்தான் இதுவும். பேசிக்கொள்கிற பங்காளிகள் இருந்தால் ஒரு மாலையில் காப்பி குடித்துக்கொண்டே கூரைக்கு ஆள் பேசி முடித்துவிடுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் வாளிதான் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

தெருவைப் பற்றியும் ஒன்று. கலகலப்பான இடம் என்றால் இரவும் கலகலப்புதான். நார்தர்ன் லைனில் வெள்ளி, சனி இரவுகளில் டூட்டிங் வழியாக விடிய விடிய ரயில் ஓடுகிறது. வீடு திரும்பப் பயமில்லை. ஆனால் திரும்புகிறவர்களின் குரலும் பெரிய தெருவிலிருந்து கேட்கும். எனக்கு அது பிடிக்கும். காலையில் சந்தையில் மீன், பத்து நிமிட நடையில் பொதுப் புல்வெளி, அங்கே 1906 முதல் திறந்தவெளி நீச்சல் குளம். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை பக்கத்திலேயே. இவற்றுக்காக ஓர் அறை குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பவள் நான்.

விலை பேசி, விற்பவர் தலையாட்டிவிட்டாலும் இங்கிலாந்தில் அது ஒப்பந்தம் ஆகாது. இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வரை இருவரும் பின்வாங்கலாம். பல வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள் கையிலிருந்து நழுவும் நேரம் என்று பலர் பதறுகிறார்கள். நான் சொல்வேன், அதுதான் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். அதற்குள் ஒரு நாள் மாடிக்காரரின் கதவைத் தட்டுங்கள். ‘கீழ் வீட்டை வாங்கலாம் என்றிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். கடைசியாகக் கூரையை எப்போது பார்த்தீர்கள், பணம் எப்படிப் பிரித்தீர்கள், கீழே இருப்பவர்களோடு எப்படி என்று கேளுங்கள். விற்பவர் எழுதிக் கொடுக்கும் படிவத்தில் இல்லாத பதில் அந்த வாசற்படியில் கிடைக்கும்.