காரில் வானொலி: துணைக்கோள் வேண்டுமா?

தோட்டத்துப் பழைய காரில் துணைக்கோள் வானொலி பொருத்தலாமா என்று குளுவாங், சிகாமட் பக்கம் சிலர் கேட்கிறார்கள்.

அமெரிக்காவின் சீரியஸ் எக்ஸ்எம் அந்தப் பக்கத்தில்தான் எடுக்கும். 2000-இல் ஏவிய ஏசியாஸ்டார் வழியே ஆசியாவில் ஒலித்த வேர்ல்ட்ஸ்பேஸ், 2009 முடிவோடு இந்தியாவில் நின்றது. அந்தப் பழைய பெட்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். அதில் இப்போது ஒன்றும் வராது.

காரில் இருக்கும் எப்எம் வானொலியே போதும். அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மேடு மறைத்தால் கரகரக்கும். ஆனால் பாதிக் கோளாறு ஏரியல் கம்பியில்தான். அடியில் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். வானொலியின் பின்னால் செருகிய ஒயரும் தளர்ந்திருக்கலாம்.

அப்படியும் மின்னல் எப்எம் தெளிவாக வராவிட்டால், கைப்பேசியில் ஆர்டிஎம் கிளிக் செயலியைப் போட்டு, ஆக்ஸ் துளையில் ஒயரால் இணையுங்கள். துளை இல்லாத வானொலிக்கு, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய எப்எம் டிரான்ஸ்மிட்டர் உண்டு. ஜொகூர் பாரு பக்கம் சிங்கப்பூர் நிலையங்களும் நெருக்கியடிக்கும் (ஒலி 96.8 நமக்கு வேண்டியதுதான்!); காலியான எண்ணாகத் தேடி வையுங்கள். செம்பனைக் காட்டுக்குள் இணையம் அறுந்தால் பாட்டும் நிற்கும்.

நிலையத்தை வண்டி கிளம்புமுன்பே வைத்துவிடுங்கள். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் போலீஸ் சம்மன் வரும்.