சுவர் ஊறும் இரவுகள்
(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளம் என்றால் நமக்கு ஆறுதான் ஞாபகம் வருகிறது. கமண்டல நாகநதி பல மாதம் மணலாகக் கிடப்பதால் ஆரணிக்காரர்களுக்கு அந்தப் பயமும் இல்லை. பாலாறும் அப்படிக் கிடக்கிற ஆறுதான். அதுதான் 1903 நவம்பரில் வாணியம்பாடிக்குள் புகுந்து இருநூறு உயிர்களுக்கு மேல் கொண்டு போனது. இருந்தாலும் இன்று நான் பேச வந்தது ஆற்றைப் பற்றி அல்ல, சுவரைப் பற்றி.

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை காலை. விடாத மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து 9 பேர் வஃபாத்தானார்கள். 5 பேர் பெண்கள், 4 பேர் குழந்தைகள். வளர்ந்த ஆண் ஒருவர்கூட அதில் இல்லை. அவர்கள் யாரும் தண்ணீரில் இறங்கியவர்கள் அல்ல, வெள்ளத்தை வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அல்ல. வீட்டுக்குள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் மாவட்டத்திலும் நடந்தது. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் 7 பேர் போனார்கள். 5 பேர் பிள்ளைகள்.

பழைய சுவர் மழை பெய்யும்போதே விழும் என்று நினைக்காதீர்கள். மண் சாந்து வைத்துக் கட்டியது நாள்கணக்கில் ஊறி, மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் விழும். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பது யார்? வாடகை கூட்டிக் கொடுக்க முடியாதவர்கள், கணவரை இழந்த பெண்கள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வயதானவர்கள். ஒழுகுகிறது என்று சொன்னால் காலி பண்ணச் சொல்வார்களோ என்று பயந்து வீட்டுக்காரரிடம் வாய் திறக்காதவர்களும் இருக்கிறார்கள்.

தறிக்காரர் வீட்டில் இன்னொரு சங்கடம். குழித்தறியில் தண்ணீர் கீழிருந்து ஊறி வரும். தறியில் இருக்கிற பாவு முதலாளியுடையது. பட்டு நனைந்தால் கூலியில் பிடிப்பார்களே என்று, பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் தறியைக் காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை “ஏன் வரவில்லை” என்று கோபிப்பதில் அர்த்தமில்லை. பாவைச் சுருட்டிப் பத்திரமான இடத்தில் வைக்க இரண்டு ஆள் அனுப்பினால் தானாக வந்துவிடுவார்கள்.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1991 ஏப்ரலில் பங்களாதேஷில் அடித்த புயலில் 1,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தார்கள் என்றால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். கணவர் வரட்டும் என்று காத்திருந்தவர்கள், கைக்குழந்தையை விட்டு நகர முடியாதவர்கள், அந்நிய ஆண்கள் நிறைந்த முகாமுக்குள் நுழையக் கூசியவர்கள் எல்லாம் அதில் அடக்கம். நம் வீடுகளிலும் அந்தக் கூச்சம் உண்டு. அதைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, பெண்களுக்குத் தனிக் கூடமும் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு. கர்ப்பிணிகளை மழை வலுக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு போடுவதில் நம் ஜமாஅத் குறை வைத்ததில்லை. தேக்சா ஏற்ற இளைஞர்கள் ஓடி வருவார்கள், மாஷா அல்லாஹ். ஆனால் அந்தச் சோறு உயிரோடு இருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் இந்த வருடம் பைத்துல்மால் பணத்தில் ஒரு பங்கை மழைக்கு முன்பே தார்ப்பாய்க்கும், ஓடு மாற்றவும், சுவருக்கு முட்டுக் கொடுக்கவும் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. கணக்குக் கேட்பவர்கள் கேட்கட்டும்.

தெருவுக்கு இரண்டு பேர் வீடு வீடாகப் போக வேண்டும். எந்தச் சுவர் விரிசல், எந்த வீட்டில் நடக்க முடியாதவர், யாருக்குத் தினமும் இன்சுலின், இரவில் யார் போய்க் கதவைத் தட்டுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். சந்தாதாரர் வீடுகளோடு நிறுத்தாதீர்கள். அடுத்த வீட்டு இந்துச் சகோதரர், வடமாநிலத் தொழிலாளி எல்லோரும் அந்தத் தாளில் வர வேண்டும். 2015 டிசம்பரில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தன. நம் மதரஸா கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இன்றே முடிவு செய்துவிடுவோம்.

எழுதும் தாள்கள் முன் மேசையில் இருக்கின்றன. மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐ அதன் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்குள் நிரப்பிக் கொண்டு வாருங்கள்.