நம்ம தட்டையும் கொஞ்சம் பார்ப்போம்
(கடத்தூரில் நடந்த குழுத் தலைவிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நேத்து ராத்திரி பிள்ளைங்களுக்கு என்ன வச்சீங்கன்னு கேட்டா உடனே சொல்வீங்க. உங்க தட்டுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா யோசிப்பீங்க. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில மிஞ்சினதை நின்னுக்கிட்டே சாப்பிட்டா எப்படி ஞாபகம் இருக்கும்?

1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் மனக்கவனப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அதில் ஒரே ஒரு உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று சாப்பிடச் சொல்வார்கள். கவனித்துச் சாப்பிட்டால் அளவுக்கு மீறித் தின்பது குறையும் என்கிறார்கள். ஆனால் நமக்கு அந்தக் கவனம் வேறொன்றைக் காட்டும்: நம்ம தட்டுல என்ன குறையுதுன்னு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை.

என்ன செய்யலாம்?

* பரிமாறும்போதே நம்ம பங்கையும் எடுத்து வைங்க.
* ஒரு வேளையாவது டிவியை அணைச்சுட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்க.
* முதல் வாய்க்கு முன்னாடி பாருங்க: கீரை, பருப்பு, முட்டை ஏதாவது இருக்கா?
* களியை முழுங்கத்தான் செய்வோம். கூட இருக்கிற காயை மென்னு சாப்பிடுங்க.
* சாப்பிட்டதும் டீ வேண்டாம். அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. நெல்லிக்காய், எலுமிச்சை சேர்ந்தால் நல்லது.

சேமிப்புப் பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறோம். அடுத்த கூட்டத்தில் கணக்கு எழுதி முடிச்சதும், முந்தின நாள் நம்ம தட்டுல என்ன இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லுவோம்.