எடைக்குப் போடும் முன் பத்து நிமிடம்

(நம் வளாகத்தின் புத்தக அலமாரி திறப்பு அன்று கூட்ட அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை ஏன் பேசச் சொன்னார்கள் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அலமாரிக்குப் புத்தகம் கொடுங்கள் என்று சங்கம் கேட்டபோது திருக்குறள் உரை, பொன்னியின் செல்வன், போட்டித் தேர்வு கைடு என்று ஆளுக்கு ஒன்று கொடுத்தீர்கள். நான் மூன்று அட்டைப்பெட்டி கொடுத்தேன். பிரித்துப் பார்த்தால் முழுக்கத் துப்பறியும் நாவல்கள். அட்டைக்கு அட்டை துப்பாக்கி, ரத்தம், தலைவிரி கோலமாக ஓடும் பெண். கமிட்டியில் ஒருவர், "குழந்தைகள் வர்ற இடம் சார், இதை எடைக்குப் போட்டுடலாமே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே அந்த அட்டைகளுக்குத் தினசரித் தாள் சுற்றித்தான் வைத்திருந்தோம். எடைக்குப் போடும் முன் பத்து நிமிடம் பேச விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். விட்டார்கள்.

இது நேற்று முளைத்த சரக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்கிற போலீஸ் நிபுணனை வைத்துத் துப்பறியும் கதைகள் எழுதியது 1894இல். லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதலில் அச்சேறியது 1887. ஏழே வருஷ இடைவெளி. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் வந்தார்; அவருடைய ஆனந்தசிங், ஹோம்ஸுக்குத் தமிழ் வேஷம் கட்டிய ஆள். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் 1908இல் 'இராஜாம்பாள்' நாவலில் வந்தான். வடுவூர் துரைசாமி ஐயங்கார் தாசில்தார் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவர் என்பார்கள். அவருடைய 'திகம்பர சாமியார்' 1950இல் படமானபோது நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டார். எங்கள் தாத்தா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் தெருவில் போகும் சாமியார்களையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனக்கு நெருங்கிய உறவு துப்பறியும் சாம்புதான். தேவன் 1942இல் ஆனந்த விகடனில் ஆரம்பித்தார். சாம்பு யார்? எங்கள் ஆள்! ஒரு பாங்கு குமாஸ்தா. மூளை கொஞ்சம் மட்டு, அதிர்ஷ்டம் நிறைய. அவன் உளறுவது துப்பாகிவிடும், தடுக்கி விழுந்தால் திருடன் மேலேயே விழுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அவனைப் பார்த்து வாய் பிளப்பார். பாங்கில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் கிளைகளில் சாம்புகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதிர்ஷ்டம்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அதற்கப்புறம் தமிழ்வாணன். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, 'கல்கண்டு', துணிவே துணை. அவருடைய சங்கர்லால் யோசிக்க வேண்டுமென்றால் தேநீர் வேண்டும். நான் தேநீருக்குப் பழகியதே சங்கர்லாலைப் பார்த்துத்தான். யோசனைதான் இன்னும் வரவில்லை. பக்கத்தில் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வந்தது. அதில் ரிப் கெர்பி என்று மூக்குக் கண்ணாடி போட்ட தனியார் துப்பறிவாளர் ஒருவர் வருவார். பெரியவனானதும் சுஜாதாவின் கணேஷ், வசந்த். அவர்கள் வக்கீல்கள், துப்பறிவது உபதொழில். 1980களில் மாத நாவல் அலை. கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி. சுபா என்பது ஒரு ஆள் இல்லை, சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். அந்த இருவரும் பாங்கு ஊழியர்களாகவும் இருந்தவர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி முடியாது.

மதுரை பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் இந்த நாவல்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் கணக்கு இதுதான்: கொடைரோடு வருவதற்குள் பிணம் விழுந்துவிடும், திண்டுக்கல்லில் ஒருவனைக் கைது செய்துவிடுவார்கள், திருச்சி தாண்டும்போது அவன் இல்லை என்று தெரியும், விழுப்புரத்தில் நிஜக் கொலையாளி பிடிபடுவான். செங்கல்பட்டிலிருந்து பக்கத்து சீட்டுக்காரர் படிப்பார். என் வீட்டம்மா மட்டும் விதிவிலக்கு. கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "இவன்தான்னு தெரிஞ்சு போச்சு, எப்படி மறைக்கிறாங்கன்னு பார்ப்போம்" என்று முதல் பக்கத்துக்கு வருவாள். நாற்பது வருஷமாக அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை.

இப்போது சொன்னேனே, திண்டுக்கல்லில் ஒருவனைக் கைது செய்வார்கள் என்று? அந்த முதல் ஆள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் டிரைவர், தோட்டக்காரன், சமையல்காரி, சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன். வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் அவன்தான் என்பார்கள். சாட்சியும் பொருத்தமாக இருக்கும். இன்ஸ்பெக்டரும் விலங்கை மாட்டிவிடுவார். அந்த இடத்தில்தான் தனியார் துப்பறிவாளர் உள்ளே வருகிறார். அவர் கையில் லத்தி இல்லை, லாக்கப் இல்லை. யாரையும் மிரட்ட முடியாது. அவரால் முடிந்தது கேள்வி கேட்பது, பிறகு இன்னொரு தடவை கேட்பது. நாவலின் பாதி நேரம் அவர் திருடனைப் பிடிப்பதில்லை, திருடன் இல்லாதவனை விடுவித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கதைகளில் என்னைக் கட்டிப்போட்டது அதுதான் என்று எனக்கே வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. புரிய வைத்தது ஒரு தூக்குவாளி.

1983. மேலூர்ப் பக்கம் ஒரு கிளையில் எனக்கு வேலை. தினம் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் பஸ். இரண்டு நாளைக்கு ஒரு நாவல். ஒரு சனிக்கிழமை கேஷ் முடிக்கும்போது 2,700 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். கேஷியர் மூன்று தடவை எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது. கையை விட்டுக் கட்ட வேண்டும், விசாரணை வந்தால் வேலைக்கே ஆபத்து. அப்போது யாரோ ஒருவர், யார் என்று இன்று சொன்னால் நம்ப மாட்டேன், "அந்தப் பையன் மத்தியானம் ரெண்டு தடவை கேபின் பக்கம் போனானே" என்றார்.

அந்தப் பையன் என்றால் தினக்கூலி மெசஞ்சர். பத்தொன்பது வயது இருக்கும். வாட்டர் பானை நிரப்புவான், லெட்ஜர்களை மேஜைக்கு மேஜை தூக்கிப் போடுவான், டீ வாங்கி வருவான். எங்களுக்கு டீ கொடுக்கத்தான் கேபின் பக்கம் போனான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவனை நிற்க வைத்தோம். சட்டைப் பையைக் காட்டச் சொன்னோம். பிறகு மூலையில் இருந்த தூக்குவாளியைத் திறந்து பார்த்தது நான். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த காலி வாளி. மூடியை மறுபடி போடுவதற்கு எனக்கு வெகு நேரம் ஆனது போல இருந்தது. அவன் அழவில்லை, கோபப்படவில்லை. "பாத்தாச்சா சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான்.

திங்கட்கிழமை காலை எங்கள் ஹெட் கிளார்க், ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த மனிதர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டாயிரத்து எழுநூறு ஒன்பதால வகுபடுதா?" வகுபடுகிறது, ஈவு முந்நூறு. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், படித்தும் அன்று எனக்குத் தோன்றவில்லை: இரண்டு இலக்கங்களை முன்பின்னாக மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 81ஐ 18 என்று எழுதினால் 63. 52ஐ 25 என்று எழுதினால் 27. வகுபட்டாலே இடம் மாறியதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே முதலில் தேட வேண்டும் என்று அது காட்டும். அவர் சனிக்கிழமை வவுச்சர் கட்டை அவிழ்த்தார். பத்து நிமிடம் ஆகவில்லை. 6,300 ரூபாய் வித்டிராயல் ஸ்லிப் ஒன்று. பணமும் 6,300 கொடுத்தாகிவிட்டது. கேஷியர் தன் புத்தகத்தில் எழுதியது 3,600. திருடனும் இல்லை, திருட்டும் இல்லை.

கேஷியருக்கு உயிர் வந்தது. காராச்சேவும் காபியும் வந்தன. பையன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. தினக்கூலிதானே, வேறு ஆள் வந்துவிட்டான். நான் அவன் ஊருக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எங்கள் பஸ் அந்த விலக்கு வழியாகத்தான் போகும். போகவில்லை. மடியில் துப்பறியும் நாவலை விரித்து வைத்துக்கொண்டு அந்த நிறுத்தத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன்.

பாங்கில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. இது என்ன தொகை, யாருடையது என்று தெரியாவிட்டால், தெரிகிற வரை அதில் போட்டு வைப்போம். எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் குருட்டாம்போக்காக ஏற்ற மாட்டோம். 2,700 ரூபாய்க்கு அந்த மரியாதையைக் கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு, ஒரு பையனுக்குக் கொடுக்கத் தெரியவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இது புதுசா? இந்த ஊரே அப்படி ஒரு விசாரிக்காத வழக்கில் எரிந்த ஊர்தானே. சிலப்பதிகாரத்தைக் குற்றக் கதையாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பு காணோம். திருடிய பொற்கொல்லனே அரண்மனைக்கு வந்து, திருடன் பிடிபட்டான் என்கிறான். பாண்டியன் ஆளைப் பார்க்கவில்லை, சிலம்பைப் பார்க்கவில்லை. உத்தரவு போட்டுவிட்டான். இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? கொல்லப்போன காவலர்களுக்கே சந்தேகம் வருகிறது, இவன் முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடவில்லை. திருடர்களின் தந்திரங்களை வரிசையாக எடுத்துவிடுகிறான், கேட்கக் கேட்க எல்லாம் பொருத்தமாக இருக்கிறது. கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வெட்டிவிட்டான். ஒருவனிடமும் கேள்வி கேட்காத அந்த வழக்கில் ஆதாரம் கொண்டுவந்தது கண்ணகி. அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம், உடைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அதை முன்னாலேயே செய்திருந்தால் நமக்கு ஒரு காப்பியம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

கதைதானே என்பவர்களுக்கு நிஜத்தில் நடந்த ஒன்று. இங்கிலாந்தில் ஜார்ஜ் எடால்ஜி என்று ஒரு இளம் வக்கீல். அப்பா பம்பாயிலிருந்து போன பார்சி, மதம் மாறிக் கிராமத்துப் பாதிரியார் ஆனவர். அந்த ஊரில் ராத்திரியில் யாரோ குதிரைகளையும் மாடுகளையும் வெட்டிக் காயப்படுத்தினார்கள். நிறம் வேறு, பெயர் வேறு, ஊருக்குள் ஒட்டாத குடும்பம். 1903இல் ஜார்ஜுக்கு ஏழு வருஷம் தீட்டினார்கள். மூன்று வருஷம் கழித்து வெளியே விட்டார்கள், ஆனால் குற்றவாளி என்ற பெயர் போகவில்லை. ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் அவரைச் சந்திக்க ஒரு ஹோட்டலுக்குப் போனார். டாயில் அடிப்படையில் கண் மருத்துவம் பயின்ற டாக்டர். எடால்ஜி செய்தித்தாளை முகத்தோடு ஒட்டி, ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். இவ்வளவு மோசமான கிட்டப்பார்வை உள்ளவர் கும்மிருட்டில் வயலையும் வேலியையும் தாண்டிப் போய்க் குதிரையை வெட்டினாரா? 1907இல் பத்திரிகையில் வரிசையாக எழுதினார். அதே வருஷம் மன்னிப்புக் கிடைத்தது. நஷ்ட ஈடு பைசா கிடையாது. இத்தனைக்கும் டாயில் போலீஸ் இல்லை, ஜட்ஜ் இல்லை. ஒரு கதாசிரியர்.

நம் நாட்டில் நிஜத் துப்பறிவாளர்களுக்கு இந்தப் பெருமையெல்லாம் இல்லை. அவர்கள் பிழைப்பு பெரும்பாலும் மாப்பிள்ளை குடிக்கிறாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்பதில் ஓடுகிறது. அவர்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

நம் வளாகத்துக்கு வருகிறேன். போன ஆடியில் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு காணாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். விவரத்துக்குள் போக மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குள் தண்ணீர் கேன் போடும் தம்பியின் போட்டோ குரூப்பில் வந்துவிட்டது. மூன்றாம் நாள் விளக்கு பரணில், பாலிஷ் போட எடுத்து வைத்த பாத்திரங்களோடு இருந்தது. அதற்கு எல்லோரும் கட்டைவிரல் போட்டோம். தம்பியின் போட்டோவை அழிக்கத்தான் நேரமாயிற்று. நானும் அந்தக் குரூப்பில் இருப்பவன். அந்த மூன்று நாளும் ஒரு வார்த்தை எழுதாதவன். வாளியைத் திறந்த அதே ஆள்.

அந்தத் தம்பி இப்போதும் நமக்குத்தான் தண்ணீர் போடுகிறார். செவ்வாய், வெள்ளி காலையில் வருவார். அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக்கொண்டு போகலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். குடியிருப்போருக்கு மட்டும் என்று விதி போட்டிருக்கிறோம். என் பெயரில் ஒரு சங்கர்லால் பதிந்து கொடுத்திருக்கிறேன். செயலாளர் மன்னிக்கவும்.

புத்தகங்களைக் கீழ்த்தட்டில், அட்டை தெரியாமல் முதுகு வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கிறேன். காமிக்ஸ் தனியாக இடப்பக்கம், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில். எடுப்பவர்கள் நோட்டில் தேதி போடுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். அந்தக் காலத்து வாடகை நூலகப் புத்தகங்களில் ஏதோ ஒரு புண்ணியவான் முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயருக்கு அடிக்கோடு போட்டு வைத்திருப்பான். என் பெட்டியிலும் அப்படி நாலைந்து இருக்கின்றன. ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தேன், பேனாவில் எழுதியது போகவில்லை. அந்தப் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள்.