கீழ்த்தாடையுள் இறங்கும் செயற்கைப் பல்வேர்



பல் நலத்தில் நமது பினாங்கு மாநிலத்திற்குத் தனிச் சிறப்புண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் தாதியரை உருவாக்கும் பயிற்சிப் பள்ளி 1949ஆம் ஆண்டு இங்குதான் தொடங்கப்பெற்றது. எனினும் அவ்வாய்ப்புக் கிட்டாத மூத்தோர் பலர் பற்களை இழந்து நிற்கின்றனர். அவர்களுள் சிலர் இன்று ஜார்ஜ்டவுன் மருத்துவமனைகளில் இம்பிளாண்ட் எனப்படும் செயற்கைப் பல்வேரைப் பொருத்திக்கொள்கின்றனர்.

சுவீடன் நாட்டு மருத்துவர் பிரானெமார்க், டைட்டானியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிவிடுவதைக் கண்டறிந்து, 1965ஆம் ஆண்டு முதன்முதலாக ஒருவரின் கீழ்த்தாடையில் அத்தகைய வேர்களைப் பொருத்தினார். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகே இவ்வேராகும். எலும்பு அதனை இறுகப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். புகைபிடித்தலும் கட்டுப்படாத நீரிழிவும் அப்பிடிப்புக்குப் பகையாவன.

கீழ்த்தாடை புறத்தே கெட்டியானது, உள்ளே பஞ்சுபோன்றது. சிலருக்கு அவ்வுட்பகுதி வெற்றிடம்போலவே இருக்கும். அத்தகைய எலும்பில் துளை பெரிதானாலோ, திருகை மிகுதியாக அழுத்தினாலோ, அது பிடிப்பின்றி உள்ளே இறங்கிவிடக்கூடும். இஃது அரிதே, ஆயினும் அலட்சியம் தகாது. தாடையினுள் ஓடும் நரம்பே உதட்டிற்கும் முகவாய்க்கும் உணர்வு தருவது. திருகு அதனை நெருக்கினால் அவ்விடங்கள் மரத்துப்போகும். நாக்குப் பக்கத்து எலும்பைத் துளைத்தால் குருதி கசிந்து நாவின் அடியில் வீக்கம் எழும்.

இவ்வாறு நேர்ந்தால் மருத்துவர் முப்பரிமாண ஊடுகதிர்ப் படம் எடுத்துத் திருகு நிற்கும் இடத்தை அறிவார். கண்ணுக்குத் தெரியுமாயின் அதே துளை வழியே எடுப்பார். ஆழத்தில் இருப்பின் தாடையின் வெளிப்புறத்தில் சிறு சாளரம்போல் எலும்பைத் திறந்து எடுப்பார். நோவும் சீழும் உணர்வுக் குறையும் இல்லையெனில், எடுப்பதே பெருந்தீங்கு தரும் என்று கருதி, அவ்வப்போது படமெடுத்துக் கண்காணிப்பதும் உண்டு.

நாம் செய்ய வேண்டியது யாது? மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருப்பின், வேர் பொருத்திய மருத்துவரிடம் அன்றே செல்லுதல் வேண்டும். நரம்பை நெருக்கும் திருகை ஒன்றரை நாளுக்குள் அகற்றினால் உணர்வு திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கினால், உணர்வையே நிரந்தரமாக இழக்க நேரிடலாம். நாவடி வீங்கி மூச்சு முட்டினால் நொடியும் தாமதியாது 999 எண்ணை அழையுங்கள். தைலம் தடவிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

பொருத்திக்கொள்ளும் முன்னரே நரம்பு எங்கு ஓடுகிறது, எலும்பு எவ்வளவு உள்ளது என்று மருத்துவரைக் கேட்டறிவது நமது உரிமை. திருகின் பெயரும் அளவும் எழுதிய அட்டையைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பதிவு பெற்ற பல் மருத்துவரை மட்டுமே நாடுங்கள். பதிவின்றிப் பல் மருத்துவம் பார்ப்போரை 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் தண்டிக்கிறது.

இழந்த பல்லை மீண்டும் பெறுதல் நன்று. அதனினும் நன்று, இருக்கும் பல்லைக் காத்தல். நாள்தோறும் இருமுறை பல் துலக்குவோம். ஐயம் எழுந்த அன்றே மருத்துவரை நாடுவோம்.